ஓட்டமும் சிந்தனையும்

விழா மலர்களில் கட்டடங்களின் வரலாறும், அதிபர்களின் அரும்பணியும், பரீட்சைப் பெறுபேறுகளும் இடம்பெறுதல் மரபு. அவை இடம்பெற வேண்டியனவே. ஆயினும், அக்கட்டடங்களுள் நாள்தோறும் நின்று பேசும் ஆசிரியரின் உடலையும் உள்ளத்தையும் பற்றி எழுதுவோர் அரியர். அக்குறையை ஒருசிறிது நீக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

நல்லாசிரியனுக்கு நிலத்தையும், மலையையும், நிறைகோலையும், மலரையும் உவமை கூறினார் நன்னூலார். நிலத்தின் பொறுமையை நாம் மேடைதோறும் எடுத்தோதுகின்றோம். ஆனால், யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டக்காரரைக் கேட்டால் மற்றோர் உண்மையையும் கூறுவார். புகையிலையும் வெங்காயமும் மாறிமாறி விளையும் நிலத்துக்கு எருவிட்டு, குழை தாழ்த்து, சிலகாலம் ஆறவும் விடாவிடின், அது எத்துணைப் பொறுமையுடையதாயினும் விளைவு தாராது. நிலத்துக்கு வேண்டும் இப்பராமரிப்பு ஆசிரியருக்கு வேண்டாவோ?

காலை ஏழரை மணி தொடங்கிப் பிற்பகல் ஒன்றரை மணிவரை நிற்றலும் பேசுதலுமே எமது தொழில். வராத ஆசிரியரின் வகுப்பும் இடையிடையே எம் தலைமேல் விழும். பதிவேடுகளும் படிவங்களும் அதன்பின் வரும். விடைத்தாட்கட்டு வீடுவரை உடன்வரும். இதனால் உண்டாகும் களைப்பு, தோட்டங் கொத்தியவனின் களைப்பைப் போன்றதன்று. அவன் உண்டு உறங்கினால் விடியற்காலையில் அது நீங்கிவிடும். எமது களைப்போ உறக்கத்துள்ளும் புகுந்து வருத்தும். 1974ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர் புரொய்டன்பேர்கர் இத்தகைய தொழிற்சோர்வை ஆராய்ந்து எழுதினார். 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார தாபனம் இதனை ஒரு நோயென்னாது, தொழில்வழி வரும் நிலையென வரையறுத்து, மூன்று குறிகளைக் கூறிற்று. ஆற்றல் வற்றிப்போதல் ஒன்று. தொழிலின்மேல் வெறுப்பும் விலகலும் தோன்றுதல் இரண்டு. பணியின் பயன் குன்றுதல் மூன்று.

இம்மூன்றினுள் இரண்டாவதே மிகக் கொடிது. முதலாவது ஆசிரியரை வருத்தும்; இரண்டாவது மாணவரை வருத்தும். கேள்வி கேட்ட பிள்ளையின்மீது சுடுசொல் வீழ்வதும், பிரம்பை நாடிக் கை நீள்வதும், பழைய குறிப்பையே ஆண்டுதோறும் சொல்லி எழுதுவிப்பதும் பெரும்பாலும் தீய மனத்தால் விளைவன அல்ல. சோர்ந்த மனத்தால் விளைவன. ஆகவே, ஆசிரியரின் களைப்பு அவரது சொந்த விடயமன்று. அது வகுப்பறையின் விடயம், கல்லூரியின் விடயம்.

இதற்கு நாம் முன்வைக்கும் மருந்து இரண்டு. ஒன்று ஓட்டம், மற்றையது சிந்தனை.

களைத்தவனை ஓடச் சொல்வது நகைப்புக்கிடமாகத் தோன்றலாம். எமது களைப்பு உடலை உழைப்பித்ததால் மட்டும் வந்ததன்று. உடலை அசையாது நிறுத்தி, மனத்தை மாத்திரம் ஓடவிட்டதாலும் வந்தது. அம்முறையைத் தலைகீழாக்குவதே மெல்லோட்டம். ஓடுங்கால் இதயம் வலுப்பெறும். மூளைக்குக் குருதி மிகுதியாகச் செல்லும். இரவில் ஆழ்ந்த உறக்கம் கூடும். ஓடியபின் தோன்றும் தெளிவுக்கும் உவகைக்கும் எண்டோர்பின் என்னும் சுரப்பே காரணமென முன்னர்க் கூறினர். அது குருதியிலிருந்து மூளைக்குள் எளிதிற் புகாதாகையால், எளிதிற் புகவல்ல வேறு பொருள்களை அண்மைக்கால ஆய்வாளர் சுட்டுகின்றனர். காரணம் எதுவாயினும் பயன் கைகண்டது.

உலக சுகாதார தாபனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையின்படி, வளர்ந்தோர்க்கு வாரத்தில் 75 முதல் 150 நிமிட வன்பயிற்சியோ, 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியோ வேண்டும். வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு 25 நிமிடம் ஓடினால் முதற்கணக்கு நிறைவேறிவிடும். நாற்பதைக் கடந்தோரும், நீரிழிவோ குருதியமுக்கமோ உடையோரும் வைத்தியரைக் கேட்டே தொடங்குக. முதலில் நடந்து, இடையிடையே சிறிது ஓடி, பேச்சுத் தடைப்படாத வேகத்திலேயே செல்க. வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்க.

இனிச் சிந்தனை. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என ஞானத்தின் படிகளை வகுத்தது சைவ சித்தாந்தம். மேனாட்டில் ஜோன் டூயி 1910ஆம் ஆண்டிலும், டொனால்ட் ஷோன் 1983ஆம் ஆண்டிலும் எழுதிய நூல்கள், செய்த தொழிலை மீள நோக்கி ஆராய்தலின் சிறப்பை வற்புறுத்தின. மாணவரைச் சிந்திக்கச் சொல்லும் நாம், எமது கற்பித்தலைச் சிந்திக்க எத்துணை நேரம் ஒதுக்குகின்றோம்?

சிந்தனை வேறு, கவலை வேறு. கவலை செக்குமாடுபோற் சுற்றிய இடத்தையே சுற்றும். சிந்தனை ஒரு வினாவிற் தொடங்கி ஒரு செயலில் முடியும். புணர்ச்சி விதி வகுப்பில் எவருக்கும் விளங்கவில்லை என்று கொள்வோம். ஆசிரியர் ஓய்வறையில் அமர்ந்து இக்காலப் பிள்ளைகளை நொந்துகொள்ளுதல் கவலை. விதியை முன்னும் எடுத்துக்காட்டைப் பின்னும் வைத்ததனால் விளங்காது போயிற்றோ என வினவி, நாளை மாற்றி வைத்துப் பார்ப்போம் எனத் துணிதல் சிந்தனை. ஓடிமுடித்த தெளிவில் பத்து நிமிடம் அமர்ந்து, மூன்று வரி எழுதிவைத்தாற் போதும். மணியும் அழைப்புமில்லாத அந்நேரத்தில், பூசலின்றி உண்மை தோன்றும்.

ஓட்டம் சம்பளத்துக்கு ஈடாகுமோ எனச் சிலர் வினவலாம். ஆகாது. சம்பள முரண்பாட்டை முன்னிட்டு 2021ஆம் ஆண்டில் ஆசிரியரும் அதிபரும் நடத்திய நெடும் போராட்டத்தையும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்பின் பலர் கடல்கடந்து சென்றதையும் நாம் அறிவோம். நியாயமான ஊதியத்தை மறுப்போர், ஆசிரியரைப் பார்த்து ஓடுக என்று சொல்வாராயின் அது கொடுமை. இம்மருந்தை நாமே நமக்குச் சொல்லிக்கொள்கின்றோம். உரிமைக்கு மாற்றாக அன்று, உரிமை கேட்கவும் வலு வேண்டுமென்பதற்காக.

இன்னுமொன்று. இந்நாட்டு ஆசிரியருட் பெரும்பாலோர் பெண்கள். விடியுமுன் அடுப்படியிலும், மாலையில் மீண்டும் அடுப்படியிலும் நிற்கும் ஆசிரியைக்கு ஓட நேரமேது? நேரம் வாய்ப்பினும், ஊரார் கண்ணுக்கு அஞ்சாது ஓடத் தெருவேது? தனிமனித ஊக்கம் மட்டும் இங்குப் போதாது. வீட்டாரும் கல்லூரியும் கைகொடுத்தல் வேண்டும்.

ஆதலின், எமது விண்ணப்பம் மூன்று. பாடசாலை முடிந்தபின், வெயில் தாழ்ந்த வேளையில், கல்லூரி மைதானத்தை வாரத்தில் மூன்று நாளேனும் ஆசிரியர்க்கெனத் திறந்துவிடுக. வாரத்தில் ஒரு பாடவேளையை, வேறெக் கடமையும் சுமத்தாது, மீள்நோக்குக்கென விட்டுவைக்குக. வளைவும் புள்ளிப்பலகையும் மனமுவந்து அளிக்கும் பழைய மாணவர், உடைமாற்றவும் முகங்கழுவவும் ஆசிரியர்க்கும் ஆசிரியைகட்கும் தனித்தனி அறைகளை அமைத்துதவுக. இவற்றுட் பின்னதற்கே பணம் வேண்டும். முன்னவை இரண்டுக்கும் மனம் போதும்.

ஆசிரியர் தெளிந்த முகத்தோடு வகுப்பினுட் புகும் நாள், மாணவர்க்கும் நல்ல நாள். இக்கல்லூரி இனிக் கொண்டாடும் விழாக்களில், அத்தகைய நாள்களும் கணக்கெடுக்கப்படுவனவாக.