உணவுதானே என்று சொல்லாதீர்!

சென்ற சனவரியில் ஓர் இரவு. பக்கத்து அறைத் தம்பி என் கதவைத் தட்டினான். கை நடுங்கிக்கொண்டிருந்தது. குளிர்தான் என்று எண்ணினேன். இந்த வடநாட்டுக் குளிர் நம் ஊர்ப் பிள்ளைகளை ஆட்டிவைப்பது புதிதன்றே! ஆனால் அவன் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. குளிரில் நடுங்குபவனுக்கு வியர்ப்பானேன்?

“அண்ணே, நெஞ்சு படபடன்னு அடிக்குது. ஒரு இடத்துல உட்கார முடியல” என்றான்.

போர்வையைப் போர்த்தி, ரிக்‌ஷா பிடித்து, மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். டாக்டர் நாடியைப் பார்த்தார். முழங்காலைத் தட்டிப் பார்த்தார். பிறகு, “வேறு மருந்து ஏதேனும் சாப்பிடுகிறாயா?” என்று இந்தியில் கேட்டார். “இல்லை” என்றான் தம்பி. “இல்லை” என்றேன் நானும்.

இருவர் சொன்னதும் பொய். அவன் அறிந்து சொன்னான். நான் அறியாமல் சொன்னேன்.

டாக்டர் விடவில்லை. “மாத்திரை, பொடி, டப்பா, எதுவுமே கிடையாதா?” என்று மறுபடியும் கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தேர்வுக் கவலையில் தூக்கம் வரவில்லை என்று அவன் சொல்லியிருந்தான். மூன்று நாளாக இரவுதோறும் என் டப்பாவிலிருந்து இரண்டு டிரிப்டோபன் மாத்திரைகளை எடுத்துக் கொடுத்து வந்தேன். “இது மருந்தில்லை தம்பி, அமினோ அமிலம். சாப்பாடு மாதிரிதான்” என்று நானே சொன்னேன். அதை டாக்டரிடம் கூறியதும் தம்பி தரையைப் பார்த்தபடி மெல்ல வாய் திறந்தான். மனச்சோர்வுக்காக இரண்டு மாதமாக மருந்து சாப்பிடுகிறானாம். விடுதியில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது.

டாக்டர் அன்று விளக்கியதைச் சுருக்கிச் சொல்கிறேன். மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகளில் பல, மூளையில் செரோடோனின் என்னும் பொருளின் வேலையைக் கூட்டுகின்றன. அந்தச் செரோடோனினை உடல் செய்துகொள்வதற்கான மூலப்பொருளே டிரிப்டோபன். இரண்டும் ஒன்று சேர்ந்தால், சிலருக்குச் செரோடோனின் அளவு மீறிப் போகலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு, அமைதியின்மை ஆகியவை அதன் அடையாளங்கள். முற்றினால் உயிருக்கே ஆபத்து. நல்லவேளை, தம்பிக்கு முற்றவில்லை. இரவு முழுவதும் வைத்துப் பார்த்தார்கள். மறுநாள் மாலை நடுக்கம் அடங்கியது. அவனுடைய மருந்தை மீண்டும் எப்போது தொடங்குவது என்பதை அவனுடைய டாக்டரே முடிவு செய்தார். அவன் இசைவு பெற்றே இதை எழுதுகிறேன்.

நண்பர்களே! நம் விடுதியில் எத்தனை அறைகளில் இத்தகைய டப்பாக்கள் இருக்கின்றன என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. தசை வளர ஒன்று, களைப்புத் தீர ஒன்று, தூக்கம் வர ஒன்று! ‘பக்க விளைவு உண்டா?’ என்று கேட்டால், ‘பருப்பில் இருப்பதுதானே இதிலும் இருக்கிறது!’ என்கிறோம். இந்த ‘தானே’தான் நம்மை ஏமாற்றுகிறது.

பருப்பில் இருப்பது உண்மைதான். ஆனால் பருப்பில் அது தனியாக வருவதில்லை. மற்ற அமினோ அமிலங்களின் கூட்டத்தோடு வருகிறது. இரத்தத்திலிருந்து மூளைக்குள் புகும் வாயிலில் டிரிப்டோபனும், லியூசின், ஐசோலியூசின், வேலின், டைரோசின் முதலியவையும் ஒரே வரிசையில் நின்று இடம் பிடிக்கவேண்டும். ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து விழுங்கினால் அந்த வரிசை குலைகிறது. அளவையும் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் டிரிப்டோபன் தேவை என்று 2007-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை கூறியது. 60 கிலோ எடையுள்ளவனுக்கு 240 மில்லிகிராம். நான் கொடுத்த மாத்திரை ஒன்றிலேயே 500 மில்லிகிராம்! உணவில் கிடைத்ததற்கு மேல், ஒரு நாளைய தேவையைப்போல் நான்கு மடங்கை ஒரே மடக்கில் விழுங்கச் செய்தேன். இதை இன்னும் உணவு என்று சொல்லலாமா?

வரலாறும் உண்டு. 1989-இல் அமெரிக்காவில் டிரிப்டோபன் சாப்பிட்டவர்களுக்குக் கடும் தசைவலி கண்டது. இரத்தத்தில் ஒருவகை வெள்ளணு பெருகியது. ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் நோயுற்றனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஷோவா டென்கோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் சரக்கே பெரும்பாலான நோயாளிகள் உண்டது என்று தெரிந்தது. அதில் கலந்திருந்த மாசுகளின் மீதே ஐயம் விழுந்தது. டப்பாவின் மேல் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்றாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஊரிலிருக்கும் தந்தைக்கு, ‘இதயத்துக்கு நல்லது’ என்று ஆர்ஜினின் வாங்கி அனுப்பும் அன்பர்களும் நம்மிடையே உண்டு. மாரடைப்பு வந்தவர்களுக்கு அது உதவுமா என்று அமெரிக்காவில் 153 பேரிடம் ஆராய்ந்தார்கள். ஆர்ஜினின் உண்டவர்களில் ஆறு பேர் இறந்தனர். வெற்று மாத்திரை உண்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. ஆராய்ச்சியில் ஆள் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார்கள். முடிவு 2006-இல் வெளியாயிற்று. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோப்பா உண்ணும் பெரியவர்களுக்கும் எச்சரிக்கை தேவை. அந்த மருந்தும் மேற்சொன்ன அதே வாயிலில்தான் நுழையவேண்டும். அமினோ அமிலங்கள் முந்திக்கொண்டால் மருந்து வெளியே நிற்கும்.

மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்கவேண்டாம். நல்ல உடல்நிலையுள்ள இளைஞர் பலருக்கு வயிற்று உப்புசம், குமட்டல், பேதி என்பதோடு போய்விடுகிறது; சிலருக்கு ஒன்றுமே ஆவதில்லை. நோயாளிகளுக்கு அமினோ அமிலங்களை டாக்டர்களே தருவதும் உண்டு. அங்கே அளவு உண்டு. கவனிக்க ஆள் உண்டு. நம் அறையிலோ அளவும் நாமே, ஆளும் நாமே!

தசை வளர்க்கப் புரதப் பொடிகள் வேண்டாம் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் அறிவுறுத்தியிருக்கிறது. அதே நிறுவனம் நாளுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்கிறது. 60 கிலோ எடைக்கு ஏறத்தாழ 50 கிராம். நம் உணவுக்கூடத்துப் பருப்பையும் தயிரையும் நாம் எவ்வளவு திட்டினாலும், வயிறார உண்டால் இது எட்டாத கனியன்று. முட்டையும் சேர்ந்தால் இன்னும் எளிது.

டப்பாவை எல்லாம் குப்பையில் எறியுங்கள் என்று நான் கட்டளையிடவில்லை, எறிந்தால் மகிழ்வேன். வைத்துக்கொள்பவர்களிடம் இரண்டே வேண்டுகோள். டாக்டர் ‘என்ன சாப்பிடுகிறாய்?’ என்று கேட்டால் டப்பாவையும் சொல்லுங்கள்; முடிந்தால் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள். உங்கள் டப்பாவிலிருந்து இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர் உடலில் வேறென்ன மருந்து ஓடுகிறது என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள். நான் அறியவில்லையே!

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். தசைக்குப் பொடி சாப்பிடுவதைப் பெருமையாக மேசைமேல் வைக்கும் நாம், மனத்துக்கு மருந்து சாப்பிடுவதைப் பெட்டிக்கு அடியில் ஒளிக்கிறோம். அன்றிரவு தம்பிக்கு நேர்ந்ததற்கு என் டப்பா பாதிக் காரணம். இந்த வெட்கம் மறுபாதி. வீட்டைவிட்டு ஆயிரம் மைல் தாண்டி வந்திருக்கிறோம். இங்கே நமக்கு நாமே உற்றார். ‘அண்ணே, நான் இந்த மருந்து சாப்பிடுகிறேன்’ என்று ஒரு தம்பி கூசாமல் சொல்லக்கூடிய இடமாக நம் விடுதி இருந்திருந்தால், அந்த இரண்டு மாத்திரைகளை நான் நீட்டியிருக்கமாட்டேன்.