கோழித் திருடனுக்கு லாக்கப், கோடித் திருடனுக்குச் சமரசமா?

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளி வண்டிக் கடனில் இரண்டு தவணை தவறினால் என்ன நடக்கிறது? தெருவிலேயே வண்டியைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். சூளகிரிப் பக்கம் தக்காளி போட்டு நொடித்த குடியானவனின் வீட்டு நகை ஏலத்துக்குப் போகிறது. இவர்களிடம் மன்னிப்பு என்ற பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

குஜராத்தில் ஸ்டெர்லிங் பயோடெக் கம்பெனியை நடத்திய சந்தேசரா சகோதரர்களின் கதையைப் பாருங்கள், தோழர்களே! பாங்கிகளை 5,000 கோடி ரூபாய்க்கு மேல் மோசம் செய்ததாக 2017-இல் சி.பி.ஐ. வழக்குப் போட்டது. அவர்களோ நாட்டை விட்டே போய்விட்டார்கள். 'தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளிகள்' என்று 2020-இல் டில்லி கோர்ட் அறிவித்தது. கடைசியில் நடந்தது என்ன? 5,100 கோடி கட்டினால் எல்லா வழக்குகளும் ரத்து என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. இது முன்மாதிரி ஆகாதாம். நைஜீரியாவில் எண்ணெய் வியாபாரம் இல்லாத கடனாளிக்கு ஆகாது என்றுதான் நாம் அதைப் படிக்கிறோம்.

பணம் திரும்பி வருகிறதே, போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. வரட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் கோழி திருடியவன் கோழியைத் திருப்பிக் கொடுத்தால், தளியிலோ தேன்கனிக்கோட்டையிலோ எந்தப் போலீஸ்காரர் அவனைச் சும்மா விடுகிறார்?

இந்தப் பாதை நேற்றுப் போட்டதல்ல. வேண்டுமென்றே கடன் கட்டாதவர்களோடும் மோசடிக்காரர்களோடும் பாங்கிகள் சமரசம் செய்யலாம் என்று 2023 ஜூன் 8-இல் ரிசர்வ் பாங்கி சுற்றறிக்கை விட்டது. பாங்கி ஊழியர் சங்கங்கள் அன்றே எதிர்த்தன. கிரிமினல் வழக்குத் தனியே நடக்கும் என்றாவது அதில் எழுதியிருந்தது. இப்போது அந்த வேலியும் சரிகிறது.

அமெரிக்காவில் இதைவிடத் துணிச்சல். நிக்கோலா லாரிக் கம்பெனி முதலாளி டிரெவர் மில்டனை 2025 மார்ச்சில் டிரம்ப் மன்னித்தார். ஏமாந்த பங்குதாரர்களுக்காக அரசு வக்கீல்கள் கேட்டிருந்த பல நூறு மில்லியன் டாலர் இழப்பீடும் அதோடு போயிற்று!

ஏமாந்தவன் படும் பாட்டை அறிய திருப்பூர் பாசி மோசடி போதும். 2009-இல் வெடித்தது, சுமார் 930 கோடி. இருவருக்கு 27 ஆண்டுத் தண்டனை என்று கோவை தனிக் கோர்ட் சொன்னது 2022 ஆகஸ்டில். பதின்மூன்று வருஷம்! அத்தனை வாய்தாவுக்கும் கூலியை விட்டுவிட்டு எவன் அலைவான்? அலுத்தவன் கிடைத்ததை வாங்கிக்கொண்டு 'சமரசம்' என்று கையெழுத்துப் போடுகிறான்.

எல்லையில் வாழும் நமக்கு இன்னொரு இடி. சம்பளம் ஓசூரில், சீட்டுக் கம்பெனி பெங்களூரில். தமிழ்நாட்டுக்கு 1997 சட்டம், கர்நாடகத்துக்கு 2004 சட்டம், மேலே 2019-இன் மத்தியச் சட்டம். மூன்று சட்டம் இருந்தென்ன? அத்திப்பள்ளிக்கு இப்பால் ஒரு அதிகாரி, அப்பால் வேறொரு அதிகாரி. இரு மாநிலப் புகாரையும் ஓசூரிலேயே வாங்க ஓர் அலுவலகம் வேண்டுமென்று சர்க்காரைக் கேட்கிறோம். பணம் போட்டவர்களைக் கூப்பிட்டு விசாரிக்காமல் எந்தச் சமரசத்திலும் கையெழுத்தாகக் கூடாது.