மடி கட்டிய ஆடும் விளக்கணைந்த காரும்





கடந்த ஆண்டு தென்மேற்குப் பருவமழை வலுத்துப் பெய்த ஓர் இரவில், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்த எங்கள் தம்பியைத் திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தோம். களியக்காவிளையைக் கடந்து குழித்துறையை நெருங்கும்போது காரின் முகப்பில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக எரிந்தது. அடுத்த சில நிமிடங்களில் வண்டியின் வலு குன்றியது. ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தியும் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. பின்னிருக்கையில் முதிய தாயார். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் பின்னால் வந்த லாரிகள் ஒலி எழுப்பியபடி எங்களைக் கடந்து சென்றன. தக்கலை வந்து சேரும்வரை எங்கள் நாவில் திக்ரைத் தவிர வேறொன்றும் இல்லை.

அது தம்பி ஏழாண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில், வட்டிக் கடன் வாங்காமல் முழுத் தொகையும் கொடுத்து வாங்கிய டீசல் கார். வாங்கி எட்டே மாதம் ஆகியிருந்தது. வாரன்டி இருக்கிறதே என்ற நிம்மதியுடன் மறுநாளே விற்பனை நிலையத்தின் சர்வீஸ் பிரிவில் விட்டோம். இரண்டு நாளில் விளக்கு அணைந்து வண்டி திரும்பி வந்தது. ஐந்தாவது வாரம் மீண்டும் எரிந்தது. இவ்வாறு பதினொரு மாதங்களில் ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் ஜாப் கார்டில் ஒரே வாசகம்: “பரிசோதிக்கப்பட்டது, குறை இல்லை.”

ஐந்தாம் முறைக்குப் பிறகுதான் எங்கள் ஊரின் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் உண்மையைப் புரிய வைத்தார். எஞ்சினில் கோளாறு ஏற்படும்போது அதன் கணினி ஒரு குறியீட்டைப் பதிந்து வைக்கிறது. ஸ்கேனரை இணைத்து அக்குறியீட்டை அழித்தால் விளக்கு அணைந்துவிடும். கோளாறோ அப்படியே இருக்கும். போதிய தூரம் ஓடியதும் கணினி அதை மீண்டும் கண்டுகொள்ளும்; விளக்கு மீண்டும் எரியும். “உங்கள் வண்டியில் ஐந்து முறையும் விளக்கைத்தான் அணைத்திருக்கிறார்கள், உஸ்தாத்” என்றார் அவர்.

மூன்று யோசனைகள்

அன்றிரவு குடும்பத்தார் கூடிப் பேசினோம். மூன்று விதமான யோசனைகள் எழுந்தன. பெரிய மாமா, “இது அல்லாஹ் நாடியது. பொறுமையாக இருங்கள். கோர்ட்டு, கச்சேரி எல்லாம் நமக்கு எதற்கு?” என்றார். கல்லூரியில் படிக்கும் மருமகன், “அந்த ஷோரூமில் போய் நாலு பேர் முன்னால் சத்தம் போட வேண்டும், வீடியோ எடுத்துப் போட வேண்டும்” என்றார். பக்கத்து வீட்டுக்காரரோ நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: “இப்போது விளக்கு அணைந்துதானே இருக்கிறது? அடுத்து எரிவதற்குள் விற்றுவிடுங்கள். வாங்குகிறவர் பாடு.”

உண்மையைச் சொல்வதென்றால், மூன்றாவது யோசனை எங்கள் உள்ளத்தைச் சற்று அசைத்தது. மதரஸாவில் பிள்ளைகளுக்கு வணிகச் சட்டப் பாடம் நடத்தும் எங்களுக்கே, எங்கள் பணம் இழப்பில் இருக்கும்போது, அந்தப் பாடம் சற்று மறந்து போனது. அதனால்தான் இதை எழுதுகிறோம். இது பல வீடுகளில் நிகழ்வது. பழைய கார் விற்கும்போது நம்மில் எத்தனை பேர் அதன் குறையை வாய் திறந்து சொல்கிறோம்?

மடி கட்டப்பட்ட ஆடு

அரேபியாவின் சந்தைகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஆட்டையோ ஒட்டகத்தையோ விற்பதற்குச் சில நாள் முன்பிருந்தே பால் கறக்காமல் மடியைக் கட்டி வைப்பார்கள். சந்தைக்கு வரும்போது மடி பெருத்திருக்கும். நிறையப் பால் கறக்கும் ஆடு என நம்பி வாங்குபவர் வீட்டிற்குப் போய்க் கறந்தபின்தான் ஏமாற்றத்தை அறிவார். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்தார்கள். அவ்வாறு வாங்கியவர் கறந்து பார்த்தபின், விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். விரும்பாவிட்டால் ஒரு ஸாஉ பேரீச்சம் பழத்துடன் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தீர்ப்பளித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. அவகாசம் மூன்று நாள் என்று முஸ்லிமின் ஓர் அறிவிப்பு கூறுகிறது.

இத்தீர்ப்பின் நுட்பத்தைக் கவனியுங்கள். குறை, பயன்படுத்திய பின்னரே வெளிப்படும் என்பதால் வாங்கியவருக்கு அவகாசம் தரப்பட்டது. அவர் கறந்து குடித்த பாலுக்கு ஈடாக விற்றவருக்குப் பேரீச்சம் பழம் தரப்பட்டது. ஏமாற்றியவரின் உரிமையைக்கூட மார்க்கம் விட்டுவிடவில்லை.

குறியீட்டை அழித்து விளக்கை அணைத்த கார், மடி கட்டப்பட்ட ஆடு அன்றி வேறென்ன? எங்களுக்கு அதைச் செய்தவர்மீது சினம் கொண்ட நாங்கள், அதையே இன்னொருவருக்குச் செய்யத் துணிந்தோமானால் எங்களுக்கும் அவருக்கும் என்ன வேறுபாடு?

இந்த ஏமாற்று சிறிய கடைகளோடு நிற்பதன்று. 2015 செப்டம்பரில் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் மோசடி அமெரிக்காவில் அம்பலமானது. சோதனைக் கூடத்தில் ஓடும்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை அதன் டீசல் கார்களில் பொருத்தியிருந்தார்கள். உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வாகனங்கள். இந்தியாவில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைப்பதாக அந்நிறுவனம் அறிவித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. கருவிகள் மாறினாலும் மடியைக் கட்டும் கை மாறவில்லை.

நபித்தோழர் வாஸிலா இப்னு அல்அஸ்கஃ (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியை இமாம் அஹ்மத் அவர்கள் முஸ்னதில் பதிவு செய்துள்ளார்கள். ஒருவர் ஒட்டகம் ஒன்றை வாங்கிக்கொண்டு புறப்படுகிறார். வாஸிலா (ரலி) அவரை நிறுத்தி, இதை எதற்காக வாங்கினீர், பயணத்திற்கா இறைச்சிக்கா எனக் கேட்கிறார்கள். ஹஜ்ஜுப் பயணத்திற்கு என்கிறார் அவர். அதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது என்று வாஸிலா (ரலி) எடுத்துரைக்கிறார்கள். விற்றவர், என் வியாபாரத்தைக் கெடுக்கிறீரே என மனம் நோகிறார். குறையை விளக்காமல் விற்பது எவருக்கும் ஆகுமானதன்று. அதை அறிந்தவர் சொல்லாமல் இருப்பதும் ஆகுமானதன்று என நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாக வாஸிலா (ரலி) பதிலளிக்கிறார்கள். விற்பவர் மட்டுமல்லர், குறையை அறிந்த மெக்கானிக்கும் தரகரும் பக்கத்து வீட்டாரும் இதில் பொறுப்பாளிகள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

உரிமையைக் கேட்பது பொறுமைக்கு முரணா?

பெரிய மாமாவின் சொல்லுக்கு வருவோம். துன்பத்தில் பொறுமை காப்பது நம் ஈமானின் ஒரு பகுதி. ஆனால் ஒருவர் தர வேண்டிய உரிமையைக் கேட்பது பொறுமையின்மை ஆகாது. நபி (ஸல்) அவர்களிடம் தமக்கு வர வேண்டிய ஒட்டகத்தைக் கேட்டு ஒருவர் கடுமையாகப் பேசினார். தோழர்கள் அவர்மீது பாய முனைந்தபோது, அவரை விட்டுவிடுங்கள், உரிமையுடையவருக்குப் பேச இடமுண்டு என்று தடுத்துவிட்டு, அவருடையதைவிடச் சிறந்த ஒட்டகத்தை வாங்கிக் கொடுக்கச் செய்தார்கள். அகிலத்தின் தலைவரிடமே உரிமையைக் கேட்க இடமிருந்தது என்றால், ஒரு சர்வீஸ் மேலாளரிடம் கேட்க நாம் ஏன் கூச வேண்டும்?

வாரன்டி என்பது தயவு அன்று. நாம் விலை கொடுத்து வாங்கிய உடன்படிக்கை. உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே கட்டளையிடுகிறது. அது நம்மையும் கட்டுப்படுத்தும். குறித்த காலத்தில் சர்வீஸ் செய்வது, கையேட்டில் சொன்னபடி ஓட்டுவது ஆகிய நிபந்தனைகளை மீறிவிட்டு உரிமையை மட்டும் கேட்பதும் நீதியாகாது.

காலம் தாழ்த்துவதிலும் எச்சரிக்கை வேண்டும். நம் மாவட்டத்தில் ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபினரும் வாழ்கிறோம். பொருளில் குறை கண்டவுடன் தாமதமின்றித் திருப்பிவிட வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஹனஃபி மத்ஹபில் அவகாசம் உண்டெனினும், குறை தெரிந்தபின் அதைத் தன் தேவைக்குப் பயன்படுத்துவது அதைப் பொருந்திக்கொண்டதாகவே கருதப்படும். ஆனால் திருப்பிக் கொடுப்பதற்காக அந்தப் பிராணியின்மேல் ஏறிச் செல்வது பொருத்தமாகக் கொள்ளப்படாது என அந்த ஃபிக்ஹு நூல்கள் விளக்குகின்றன. சர்வீஸ் நிலையத்துக்கு ஓட்டிச் செல்லும் காரை நினைத்துக்கொண்டு இந்தப் பாடத்தைப் படித்தால் நம் முன்னோரின் நுண்ணறிவு விளங்கும்.

நாட்டின் சட்டம் தரும் வழி

கோளாறுள்ள கார்களுக்கென அமெரிக்க மாநிலங்களில் தனிச் சட்டங்கள் உள்ளன. கனெக்டிகட் மாநிலம் 1982இல் முதலில் இயற்றியது. நம் நாட்டில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. ஆயினும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் போதுமான வழியைத் திறந்துள்ளது. விலையாகக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். நிறுவனம் எங்கிருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். நமக்கு நாகர்கோவிலில் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணமில்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். 20 லட்சம் வரை 400 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். அதற்கு முன்னர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்.

அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் கூடாது. கிளட்ச் கோளாறு தொடர்பான மாருதி உத்யோக் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் ஒரு தெளிவைத் தந்தது. பழுதான பாகத்தைச் சரிசெய்வதும் மாற்றித் தருவதுமே வாரன்டியின் வாக்குறுதி என்றால், முழுக் காரையும் மாற்றித் தருமாறு ஆணையிட இயலாது என்றது அத்தீர்ப்பு. எஞ்சினில் உற்பத்திக் குறை இருப்பதாக வாதிடுபவர் அதை நிரூபிக்க வேண்டும். அதற்குச் சான்று தேவை. எனவே ஒவ்வொரு முறையும் நம் புகாரை நம் சொற்களிலேயே ஜாப் கார்டில் எழுதச் செய்யுங்கள். விளக்கு எரியும்போதே தேதியுடன் படம் எடுங்கள். குறியீட்டை அழிப்பதற்கு முன் ஸ்கேனரின் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தந்த பழக்கம்தானே இது?

மருமகனுக்கு நாங்கள் சொன்னது இதுதான்: முகப்பில் நிற்கும் சர்வீஸ் ஆலோசகர் மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் நம் பிள்ளை வயதுப் பையன். அவனைக் கூட்டத்தின் முன் அவமதித்து நாம் பெறுவது ஒன்றுமில்லை. கூச்சலைவிட ஒரு கடிதம் வலியது.

நடந்தது என்ன?

ஐந்து ஜாப் கார்டுகளின் நகல்களையும் இணைத்து விற்பனை நிலையத்துக்கும் தயாரிப்பாளருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினோம். மூன்றாவது வாரம் தயாரிப்பாளரின் பொறியாளர் நேரில் வந்தார். புகைபோக்கி வழியில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டியின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் பழுது என்று கண்டறிந்தார். வாரன்டியிலேயே மாற்றித் தந்தார்கள்.

அவர் இன்னொன்றும் சொன்னார். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிக்கேற்ப அமைந்த டீசல் கார்களில், சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்க வண்டி சற்று நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். நாங்களோ தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே நெரிசலில் குறுகிய ஓட்டமே ஓடினோம். கையேட்டில் அது எழுதியிருந்தது; நாங்கள் படிக்கவில்லை. சென்சார் அவர்கள் பக்கக் குறை, இது எங்கள் பக்கக் குறை என்று ஒப்புக்கொண்டோம். இப்போது ஞாயிறுதோறும் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் காவல்கிணற்றைத் தாண்டி நான்குவழிச் சாலையில் அரை மணி நேரம் ஓட்டி வருகிறோம். அல்ஹம்துலில்லாஹ், விளக்கு மீண்டும் எரியவில்லை.

அந்த ஐந்து ஜாப் கார்டுகளையும் ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்தே வைத்திருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், இந்தக் காரை என்றேனும் விற்க நேர்ந்தால் சாவியோடு அவற்றையும் கொடுப்போம். விலையில் சில ஆயிரங்கள் குறையலாம். குறையை மறைத்து முடிக்கும் வணிகத்தின் பரக்கத் அழிக்கப்படும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். பரக்கத் இல்லாத பணத்தை எண்ணி என்ன பயன்?

உரிமையைக் கண்ணியமாகக் கேட்கவும், பிறர் உரிமையைக் கேட்காமலே கொடுக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.