களரியும் ஊரும்

வாழ்க்கையை நாடகத்தோடு ஒப்பிட்டுரைத்தல் எந்நாட்டிற்கும் புதியதன்று. ஆயின், அவ்வொப்புமையை ஓர் ஆராய்ச்சிக் கருவியாகக் கொள்ளுதல் சென்ற நூற்றாண்டின் நடுக்கூற்றிலேதான் வலுப்பெற்றது. எர்விங் கொஃப்மன் என்னும் அறிஞர் ஸ்கொத்லாந்தின் வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவுகளில் ஒன்றிலே தங்கி, ஆங்குள்ள குடியானவர்களின் நடையுடை பாவனைகளை நோக்கினார். 1956 இல் அவர் வெளியிட்ட நூல், மாந்தர் பிறர் காணும் முன்னரங்கில் ஒரு வகையாகவும், பிறர் காணாப் பின்னரங்கில் வேறு வகையாகவும் ஒழுகுகின்றனர் என்று விளக்கிற்று. உணவு விடுதியின் உண்ணும் மண்டபமும் அதன் சமையற்கூடமும் அவர் காட்டிய உதாரணங்கள். அடுத்த ஆண்டில் விக்டர் டர்னர், ஆபிரிக்கக் கிராமமொன்றின் பூசல்களை ஆராய்ந்து, பிளவு, நெருக்கடி, பரிகாரம், முடிவில் இணக்கம் அல்லது நிலையான பிரிவு என நான்கு கட்டங்களையுடைய நாடகமாக அவற்றைக் கண்டார்.

இக்கருத்துகள் இன்று நம் பல்கலைக்கழக மாணவர் நாவிலே தாராளமாகப் பயில்கின்றன. பயிலட்டும், யான் தடுக்கவில்லை. ஆனால், அவற்றை இரவலாகப் பெற்று வாவிக்கரையில் அப்படியே நாட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். கொஃப்மனின் மனக்கண்ணில் நின்றது திரையிட்ட மேனாட்டு மேடை. நம்மவர் கண்ட மேடையோ வட்டக்களரி. நாற்புறமும் சபையோர் அமர, நடுவே ஆடுவது நம் கூத்து.

அதனினும் முக்கியம், ஆட்டம் பழகுவதும் ஊரார் முன்னிலையிலேயே என்பது. அண்ணாவியார் மத்தளம் தட்ட, தாளம் பிழைத்த இளைஞன் தலைகுனிந்து நிற்பதைச் சிறுபிள்ளைகளும் பார்த்திருப்பர். அரங்கேற்ற இரவில் முடிதரித்து வருபவனை அரசனென்று ஊர் ஏற்பது, அவன் மாதக்கணக்காகப் பட்ட பாட்டை அறிந்துகொண்டேதான். இங்கே பின்னரங்கு எங்கேயுள்ளது? ஊர் வாழ்வும் பெரும்பாலும் அத்தகையதே. வேலிக்கு அப்பால் யாது நடக்கின்றதென்பதை அறியாதார் போல் இருத்தல் நம் கிராமங்களில் ஒரு மரியாதை. உண்மையில் அறியாதார் எவருமிலர்.

ஆகவே, நாடகக் கண்கொண்டு நம் சமூகத்தை நோக்குவதாயின் நம் கூத்தின் சொற்களையே கருவியாகக் கொள்ளுதல் நன்று. சட்டம் கொடுத்தல் என்ற ஒன்றையே எடுத்துக்கொள்வோம். இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று வகுத்து, பாட்டு எழுதிய ஏட்டை அண்ணாவியார் வழங்கும் நாள் அது. குரலும் உடற்கட்டும் பார்த்தே வழங்குவதாகச் சொல்லுவர். அடியேன் இளமையில் படுவான்கரையிலுள்ள ஓர் ஊரில் கண்டது வேறு. அருச்சுனன் பாத்திரத்தை இரு குடும்பத்தார் வேண்டி நின்றனர். கோயில் முன்றலிற் கூடிய கூட்டம் நள்ளிரவுவரை கலையவில்லை. ஈற்றில், முற்பாதிக்கு ஒருவர், பிற்பாதிக்கு மற்றொருவர் என இரண்டு அருச்சுனர் வகுக்கப்பட்டனர். கதை இரண்டு அருச்சுனரைக் கேட்கவில்லை, ஊர் கேட்டது. ஏட்டை மாத்திரம் படிப்பவருக்கு இது விளங்குமோ? டர்னர் கூறிய நான்கு கட்டங்களும் அவ்விரவில் நடந்தேறின. சகுனி பாத்திரத்துக்கு அத்தகைய போட்டி ஏற்பட்டதாக எனக்கு நினைவில்லை.

கொம்புமுறி விளையாட்டு இதனினும் தெளிவான சான்று. கண்ணகியம்மன் பெயரால் ஊர் வடசேரி, தென்சேரி என இரு பாலாகப் பிரிகின்றது, கொம்புகளைக் கொளுவி இழுக்கின்றனர், வசைபாடுகின்றனர், ஒரு கொம்பு முறிகின்றது, அம்மன் சந்நிதியில் யாவரும் ஒன்றாகின்றனர். பிளவையும் இணக்கத்தையும் ஊரே திட்டமிட்டு ஆடிப்பார்க்கின்றது. இதனை விளையாட்டென்று ஒதுக்குவதும், வெறும் சடங்கென்று முடிப்பதும் பொருந்தா.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) முதலியவற்றை மேடையேற்றியதால் கூத்துக்குக் கற்றோர் சபையில் மதிப்பு உண்டாயிற்று. அந்நன்றி மறக்கற்பாலதன்று. எனினும், விடியவிடிய ஆடியது சில நாழிகையாகச் சுருங்கிப் படச்சட்ட மேடை ஏறியபோது, ஆட்டமும் பாட்டும் ஏறின. ஊர் கீழே நின்றுவிட்டது. பேராசிரியர் சி. மௌனகுரு 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' என்ற நூலில் கூத்தைச் சமூகப் பின்னணியோடு சேர்த்தே ஆராய்ந்து இக்குறையைப் பெரிதும் நீக்கியுள்ளார். ஆயினும், அவ்வழியே தொடர்ந்து ஊரூராகச் செல்வோர் சிலரே.

நம் கல்லூரி மாணவர் இதனைச் செய்யலாம். நாடகமும் அரங்கியலும் கற்போர் மாத்திரமன்றி, கணிதம் கற்போரும் செய்யலாம்; எவர் எவ்வளவு பணம் கொடுத்தார், எவர் வீட்டு முற்றத்தில் முதலில் ஆடினர் என்று கணக்கெடுக்க அவர்களே தக்கவர். பெண் பாத்திரங்களை ஆடவரே ஏற்ற களரியில் பெண்கள் எவ்விடத்தில் அமர்ந்தனர், யாது பேசினர், மத்தளமும் பறையும் முழக்குவோர்க்கு ஊர் எந்த இடத்தை அளித்தது என்பனவும் குறிக்கப்படல் வேண்டும். இவ்வினாக்கள் சிலருக்குக் கசக்கும். கசப்பதனாலேயே இதுகாறும் எழுதப்படாமற் கிடந்தன என்பது என் துணிபு.

இக்காலத்தில் அரங்கேற்ற இரவிலே படப்பிடிப்புக் கருவிகள் களரியைச் சூழ்ந்து நிற்கின்றன. சட்டம் கொடுக்கும் நாளில் ஒருவரையும் காணோம். குறிப்புப் புத்தகத்தோடு மாணவன் முதலிற் போகவேண்டியது அந்நாளுக்கே.