பொய்ப்படமும் கல்லெழுத்தும்

பண்ணுருட்டியை அடுத்த திருவதிகை வீரட்டானத்தில் பல்லவரும் சோழரும் பாண்டியரும் பொறித்த கல்லெழுத்துகள் உள. அவற்றை நேரிற் சென்று படிப்போர் மிகச் சிலர். ஒளிப்படத்திற் கண்டு நம்புவோரே பலர். அந்நம்பிக்கைக்கு இன்று உலை வந்துவிட்டது.

சொல்லாற் சொன்னதை ஒளிப்படம்போல் ஆக்கித் தரும் நரம்புவலைகள் கணிப்பொறியுள் புகுந்துள்ளன. 2014இல் இயான் குட்பெல்லோவும் உடனாய்வாளரும் வகுத்த முறையில் இரு வலைகள் எதிரெதிர் நிற்கும். ஒன்று போலிக்காசு அடிப்பவன். மற்றது காசுநோட்டம் பார்க்கும் வண்ணக்கன். வண்ணக்கன் பிடிக்கப் பிடிக்கப் போலியன் தேர்வான். முடிவில் வண்ணக்கனே ஏமாறுவான். பிறவாத மாந்தரின் முகங்களை 2019இல் இணையத்தில் உலவவிட்டது இம்முறையே. பின்வந்த முறை வேறு. மெய்ப்படத்தின்மேல் புள்ளிமணலைச் சிறிது சிறிதாகத் தூவி உருவழிப்பர். அம்மணலை நீக்கும் வழியை வலைக்குப் பயிற்றுவர். தேர்ந்தபின் வெறும் மணலைக் கொடுத்து வேண்டும் உருவைச் சொன்னால், மணலினின்று படம் எழும்.

இப்பொறிகள் உண்டு வளர்ந்த உணவு யாது? 2022இல் திரட்டி வெளியிட்ட பெருந்தொகுப்பு ஒன்றில் 585 கோடிப் படங்கள் குறிப்புகளோடு இருந்தன. அவற்றுள் ஏறத்தாழ 232 கோடி ஆங்கிலக் குறிப்புடையன. பெரிதும் பரவிய பொறியொன்று அவ்வாங்கிலப் பகுதியைக் கொண்டே பயின்றது. தமிழன் கோயிலையும் தெருவையும் பொறி ஆங்கிலத்தின் வாயிலாகவே அறிந்திருக்கின்றது. ஆங்கில எழுத்தைச் செவ்வையாக வரையத் தேர்ந்த பொறிகளுட் பல, தமிழெழுத்தைத் தொட்டதும் கோழி கிளறியதுபோல் ஆக்கிவிடுகின்றன.

உருவம் புனைவதே குற்றமென்பதன்று. வள்ளுவரைக் கண்டார் எவருமிலர். எனினும் வேணுகோபால் சர்மா வரைந்த ஓவியம் 1964இல் சட்டமன்றத்தில் திறக்கப்பெற்றது. வரைந்தவர் பெயர் ஊரறியும். அது ஓவியமென்பதும் ஊரறியும். 2018இல் மறைந்த கலைஞர் கருணாநிதி, 2024 சனவரியில் சேலம் மாநாட்டுத் திரையில் பொறியால் உருப்பெற்றுப் பேசினார். அது சரியா என்பது வேறு வழக்கு. அவர் மறைந்ததை அறியாதார் அங்கு இலர்.

கல்வெட்டின் செய்தி அத்தகையதன்று. சமணம் விட்டுச் சிவனியம் தழுவிய பல்லவன், பாடலியின் சமணப் பள்ளிகளை இடித்துத் திருவதிகையிற் குணபரவீச்சரம் எடுத்தான் என்பது சேக்கிழார் கூற்று. அவன் மகேந்திரவர்மனே என்பார் பலர், ஐயுறுவாரும் உளர். அவ்வரசனே பொறித்ததென்று, பாசி படிந்த கல்லும் சாய்வெயில் நிழலுமாக ஒரு படத்தை ஒருவன் பொறியிற் செய்து பரப்பினால் என்னாகும்? ஒரு மாலைக்குள் அது கைப்பேசிதோறும் சுற்றிவரும். பொறி தமிழெழுத்தில் இடறுகின்றதே, பிடிபடாதோ எனின், பிடிபடாது. பல்லவர் கால எழுத்தைப் படிக்கத் தெரிந்த கண்கள் ஊருக்கு எத்தனை? பொறியின் கிறுக்கலே பழமையின் அடையாளமாகக் கொள்ளப்படும்! அதைக் கொண்டு சமயப்பகை மூட்டுவோரும் குலப்பெருமை அளப்போரும் இந்நாட்டிற் குறைவில்லை.

பொய்ப்படத்தை மறுக்க வல்லவை இரண்டே: கல், கல்லின்மேல் ஈரத்தாளை ஒற்றி மையிட்டெடுத்த படி. கல்லைத் தொட்ட தாளைப் பொறி படைக்க முடியாது. மைசூரிற் கிடந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொணருமாறு உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் ஆணையிட்டது. அன்று அதனை உரிமை வழக்கென்று மட்டுமே பலர் கருதினர். இன்று அது சான்றுக் காப்பு வழக்குமாகும். ஒவ்வொரு படியும், எடுத்த நாள், ஊர், சுவரின் பக்கம், எடுத்தவர் பெயர் ஆகியவற்றோடும் தமிழ்க் குறிப்போடும் அரசால் இணையத்தில் வெளியிடப்படல் வேண்டும். திருவதிகைப் பள்ளி மாணவர், கையிலுள்ள படத்தைச் சுவரிலுள்ள கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்தக் குறிப்பே போதும்.