கணிப்பொறிக்குள் ஒரு தமிழ்க் கணிப்பொறி

நம் சங்கக் குடும்பங்களில் பலர், பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும் என்று வீட்டுக் கணிப்பொறியைப் பூட்டி வைக்கிறார்கள். இந்தப் பயம் தேவையில்லை என்பது என் கருத்து.

ரயில்வேயில் பழகாத கையை யார்டில் விட்டுத்தான் பழக்குவோம். மெயின் லைனில் அல்ல. கணிப்பொறியிலும் அப்படி ஒரு யார்டு போடலாம். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள், கணிப்பொறிக்குள்ளேயே இன்னொரு கணிப்பொறியை உண்டாக்கித் தருகிறது. என்னிடம் உள்ள 8 ஜிபி நினைவகத்தில் 4, வன்தட்டில் 25 ஜிபி ஒதுக்கி, அதில் உபுண்டு லினக்ஸை நிறுவினேன். (முதலில் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். எனக்கு ஒரு மாலைப்பொழுது இதிலேயே போயிற்று!) ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துவிட்டால், உள்ளே எதைக் குழப்பினாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

மொழியைத் தமிழாக மாற்றினேன். பள்ளியில் தமிழே படிக்காத என் பேத்தி இப்போது 'கோப்பு', 'திருத்து' என்று எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். சில இடங்களில் ஆங்கிலம் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது.

ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா 2001-இல் தொடங்கப்பட்டது நம் திருவனந்தபுரத்தில்தான். கேரள அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகள் பழகுவது லினக்ஸே. அதை வீட்டில் தமிழில் வைத்துக் கொடுப்பது நம் பொறுப்பு. கரமனைப் பக்கத்து அன்பர்கள் அழைத்தால் நானே வந்து நிறுவித் தருகிறேன். ஒரு காபி போதும்.