ரயில் பெட்டியில் தொடங்கும் சொல்

காலை ஏழரை மணிக்கு மேல் திருவள்ளூர் பக்கமிருந்து சென்ட்ரல் நோக்கி வரும் மின்சார ரயிலில் ஆவடியிலோ அம்பத்தூரிலோ ஏறிப் பழகியவர்களுக்கு, எந்தப் பெட்டியைத் தவிர்க்க வேண்டும் என்பது தெரியும். வாசலை அடைத்துக்கொண்டு மாணவர்கள் நிற்கும் பெட்டி அது. தகரத்தில் தாளம், நடுவே கானா, தங்கள் கல்லூரிக்கு ஒரு 'ஜே', எதிர்க் கல்லூரிக்கு ஒரு வசை. பட்டரவாக்கத்தில் இறங்கித் தொழிற்பேட்டைக்குச் செல்லும் பெண்கள் அவசரமாக அடுத்த பெட்டிக்கு ஓடுவார்கள். "வயசுப் பசங்க, அப்படித்தான் இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு நாம் கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்.

2024 அக்டோபர் 4 அன்று, திருத்தணி பகுதியிலிருந்து வந்து மாநிலக் கல்லூரியில் முதலாண்டு படித்த மாணவர் ஒருவர், சென்ட்ரல் ரயில் நிலையப் பகுதியில் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் சிலரால் தாக்கப்பட்டார். ஐந்து நாள் கழித்து, 9ஆம் தேதி, அரசு பொது மருத்துவமனையில் இறந்தார். கல்லூரியில் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த பிள்ளை. அவர் தினமும் வந்து போன பாதை நம்முடைய பாதைதான்.

இது திடீரென்று நடந்ததல்ல. 2019 ஜூலை 23 அன்று அரும்பாக்கம் அருகே 29இ பேருந்தில் பட்டப்பகலில் அரிவாளோடு ஒருவரையொருவர் துரத்தியவர்கள் ஒரே கல்லூரியின் மாணவர்கள். எந்தப் பேருந்துத் தடத்திற்கு யார் 'ரூட்டு தல' என்பதே அங்கே சண்டை. அதற்கு ஒரு மாதம் முன்பு, பேருந்து தினக் கொண்டாட்டத்தில் கூரை மேல் ஏறியவர்கள் கொத்தாகச் சாலையில் விழுந்த காட்சியை நாடே பார்த்தது. பேருந்து தினத்துக்கு உயர் நீதிமன்றம் 2011இலேயே தடை விதித்திருந்தது. தடைகள் இருக்கின்றன, வழக்குகள் இருக்கின்றன, பெற்றோரை வரவழைத்து எழுதி வாங்கும் உறுதிமொழிகளும் இருக்கின்றன. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்கள் வரும்போது பழைய பகையும் அவர்களோடு சேர்ந்து ரயில் ஏறிவிடுகிறது.

1840இல் தொடங்கிய கல்லூரி ஒன்று, 1842இல் தொடங்கிய கல்லூரி மற்றொன்று. சர் சி.வி. இராமன் முன்னதில் படித்தார். கணித மேதை இராமானுஜனும் அறிஞர் அண்ணாவும் பின்னதில் படித்தார்கள். இந்த இரண்டு பெயர்களையும் ஒரு தலைமுறை வசைச் சொல்லாக மாற்றி வைத்திருப்பதைக் காணும்போது நெஞ்சு கனக்கிறது.

அரிவாள் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன் வருவது சொல். எதிர்க் கல்லூரி மாணவன் தனியாக அகப்பட்டால் அவன் வாயாலேயே தங்கள் கல்லூரிக்கு 'ஜே' போட வைப்பார்கள். அதைப் படம் பிடித்துப் பரப்புவார்கள். அவமானப்பட்டவனின் நண்பர்கள் பதிலுக்கு ஒரு படம் எடுத்தாக வேண்டும். இப்படிச் சில வாரங்கள் போனால் போதும். இயேசு தம் மலைப்பொழிவில் கொலை செய்யாதே என்ற பழைய கட்டளையை எடுத்துக்கொண்டு, சகோதரனை இழித்துப் பேசுவதையும் அதனோடு சேர்த்து ஒரே மூச்சில் கண்டிக்கிறார். ஒரு கெட்ட வார்த்தைக்கும் கொலைக்கும் இவ்வளவு நெருக்கமா என்று அந்தப் பகுதியை வாசிக்கும்போது தோன்றலாம். நமது ரயில் பாதையில் வசிப்பவர்களுக்கு அது மிகையாகத் தோன்ற நியாயமில்லை.

"அவை அரசுக் கல்லூரியும் அறக்கட்டளைக் கல்லூரியும்தானே, நம் கிறிஸ்தவக் கல்லூரிகளில் அப்படி இல்லையே" என்று ஆறுதல் சொல்பவர்கள் பங்குகளில் உண்டு. அவர்கள் வேலூரை நினைத்துப் பார்க்கட்டும். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய மருத்துவப் பணியிலிருந்து வளர்ந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, பணிவிடை பெற அல்ல, பணிவிடை செய்யவே என்ற பொருள்படும் விருதுவாக்கைக் கொண்டது. அங்கே 2022 நவம்பரில், முதலாண்டு மாணவர்களை உள்ளாடையோடு விடுதி வளாகத்தில் நடக்க வைத்துக் கேலி செய்த காணொளி வெளிவந்தது. மூத்த மாணவர்கள் ஏழு பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். கல்லூரி விரைந்து நடவடிக்கை எடுத்ததைச் சொல்லியாக வேண்டும். ஆனால் நாட்டின் மிகக் கடினமான தேர்வில் தேறி, நோயாளியின் உடலைத் தொட்டுப் பார்க்கும் பணிக்கு ஆயத்தமாகிறவர்களுக்கு, இளையவனின் உடலை அவமானப்படுத்துவது விளையாட்டாகத் தெரிந்திருக்கிறதே! நல்ல மதிப்பெண்ணும் நல்ல விருதுவாக்கும் ஒருவருக்கு மரியாதையைத் தானாகக் கற்றுத் தந்துவிடுவதில்லை.

1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் பொன். நாவரசு கொல்லப்பட்டதற்குப் பின்பு, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கேலி செய்வதையும் வசைபாடுவதையும் கூட அந்தச் சட்டம் ராகிங் என்றே கணக்கிடுகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளின்படி மாணவரும் பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும். சேர்க்கை நாளன்று பத்துத் தாள்களோடு பதினோராவது தாளாக அதையும் கையெழுத்திட்டுத் தந்துவிட்டு வருகிறோம். படித்துப் பார்த்த பெற்றோர் எத்தனை பேர்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆவடி, பூந்தமல்லி பக்கம் தனியார் பல்கலைக்கழகங்களும் பொறியியல் கல்லூரிகளும் பல உள்ளன. அவற்றின் மாணவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பேருந்தில் ஏறி, கல்லூரி வாசலில் இறங்குகிறார்கள். அவர்கள் என்ன பேசினாலும் ஊருக்குக் கேட்பதில்லை. ரயிலில் வருபவன் திருத்தணி, அரக்கோணம், கடம்பத்தூர் பக்கத்துப் பிள்ளை. பலர் அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் ஆள். அவனிடம் ஊர் எப்படிப் பேசுகிறது? "டேய், உள்ளே போடா" என்கிறார் நடத்துநர். "பொறுக்கிப் பசங்க" என்கிறார் இருக்கையில் அமர்ந்திருக்கும் பெரியவர். தலைமுடியைப் பார்த்தே காவலர் ஓரங்கட்டி நிறுத்துகிறார். ஒருவர்கூட அவனை 'வாங்க, தம்பி' என்று அழைத்ததில்லை. 'தல' என்று அழைக்கும் ஒரே இடம் அந்த ரயில் பெட்டிதான். இதைச் சொல்வதால் அரிவாள் எடுத்தவனுக்கு வக்காலத்து வாங்குவதாக ஆகாது. குற்றம் குற்றமே. ஆனால் மரியாதையையே ருசித்திராதவனிடம் மரியாதையாகப் பேசு என்று அறிவிப்புப் பலகை மட்டும் வைத்தால் என்ன பயன்?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015 மே மாதம் தமது புதன் மறைக்கல்வி உரையில், குடும்பத்துக்கு மூன்று சொற்கள் வேண்டும் என்றார்: அனுமதி கேட்பது, நன்றி சொல்வது, மன்னிப்புக் கேட்பது. நம் வீடுகளில் அப்பா மகனிடம் இந்த மூன்றில் எதைச் சொல்கிறார்? 'மன்னிச்சுக்கோப்பா' என்று ஓர் ஆசிரியர் மாணவனிடம் சொன்னால் அது கல்லூரி முழுவதும் செய்தியாகிவிடுகிறது. அந்த அளவுக்கு அது அபூர்வம்.

நம் கிறிஸ்தவக் கல்லூரிகள் செய்யக்கூடியவை பெரிய செலவு பிடிப்பவையல்ல. அடையாள அட்டை, அபராதம், கண்காணிப்புக் கேமரா எல்லாம் இருக்கட்டும். முதலாண்டு மாணவரைச் சேர்க்கை நாளன்றே ஒரு மூத்த மாணவரின் பொறுப்பில் பெயர் சொல்லி ஒப்படைக்கலாம். எந்த ரயிலில் யார் வருகிறார்கள் என்று ஒரு பேராசிரியராவது தெரிந்து வைத்திருக்கலாம். மாதம் ஒரு நாள் அவரும் அதே ரயிலில் ஏறி வரலாம். பங்குகளின் இளையோர் குழுக்களில் பல கல்லூரிப் பிள்ளைகள் ஒரே பாயில் அமர்கிறார்கள். ஞாயிறு ஒன்றாகப் பாடுகிறவர்கள் திங்கள்கிழமை எதிரெதிர்ப் பெட்டியில் ஏன் நிற்க வேண்டும் என்று அங்கேயே பேச்சை எடுக்கலாம்.

ராகிங் புகாருக்கு நாடு முழுவதற்குமான கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-5522. பெயர் சொல்லத் தயங்கும் பிள்ளைக்காக வீட்டுப் பெரியவர்களும் அதில் பேசலாம்.